மேப் வருமா? ஒரு சின்னக் கேள்வியின் வரலாறு

அட்டன் பக்கம் ஒரு தோட்டம். பணிய லயத்தில் நண்பனுடைய காம்பராவில் உட்கார்ந்து, மண்சரிவு அபாயத்தைக் காட்டும் மேப் ஒன்றைப் போனில் திறந்து பார்த்தோம். வெளியே மூன்று நாளாக மழை. சக்கரம் சுற்றியது. பிறகு வெறும் வெள்ளைத் திரை. "டேட்டா முடிஞ்சிருச்சா?" என்றான். முடியவில்லை. அந்தப் பழைய போனின் பிரவுசருக்கு அந்த மேப்பை வரையத் தெரியவில்லை. அதை வாய் திறந்து சொல்ல வேண்டிய தளமும் சொல்லவில்லை.

இந்த வெள்ளைத் திரைக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

முன்பெல்லாம் இணைய மேப்பில் ஒரு அம்புக்குறியை அழுத்தினால் முழுப் பக்கமும் மறுபடி லோட் ஆகும். 2005 பெப்ரவரி 8ஆம் திகதி வந்த கூகுள் மேப்ஸ் இதை மாற்றியது. மேப்பைச் சதுரம் சதுரமாக வெட்டி, நாம் இழுக்க இழுக்கத் தேவையான துண்டுகளை மட்டும் கொண்டுவந்தது. ஆனால் தொடக்கத்தில் இது இன்டர்நெட் எக்ஸ்புளோரரிலும் மொசில்லா வகையிலும் மட்டும்தான் ஓடியது. சஃபாரியும் ஓபராவும் சில வாரம் காத்திருந்தன.

அதே ஆண்டு ஜூனில், யார் வேண்டுமானாலும் தங்கள் தளத்தில் மேப் வைக்க கூகுள் வழிவிட்டது. அதற்கான நிரலில் முதலில் எழுத வேண்டிய வரி ஒரு கேள்வி: 'ஜிபிரவுசர்இஸ்கம்பாட்டிபிள்'. அதாவது, இந்தப் பிரவுசருக்கு மேப் ஒத்துவருமா? சும்மா கேட்கவில்லை. மேப்பின் மேல் ஒரு கோடு போடுவதற்கே எக்ஸ்புளோரருக்கு ஒரு முறை, மற்றவற்றுக்கு வேறு முறை தேவைப்பட்ட காலம் அது.

கவனிக்க வேண்டியது இதுதான். 'ஒத்துவந்தால் மேப்பைக் காட்டு' என்று கற்றுக்கொடுத்த பாட உதாரணத்தில், 'ஒத்துவராவிட்டால் என்ன செய்வது' என்ற பகுதியே இல்லை. அதைப் பார்த்து எழுதினால் 'இல்லை' என்ற பதிலுக்கு வெள்ளைத் திரைதான்.

அடுத்தது, அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது. பழைய வழி, பிரவுசரின் பெயரைக் கேட்பது. பெயரை வைத்து வாசலில் மறித்ததால் பிரவுசர்கள் பொய் சொல்லப் பழகின. இன்றைக்கும் குரோம், சஃபாரி எல்லாமே தங்களை 'மொசில்லா' என்று சொல்லித்தான் உள்ளே நுழைகின்றன. புதிய வழி, 'உன்னால் என்ன முடியும்?' என்று கேட்பது. 2009இல் வந்த மாடர்னைசர் போன்ற கருவிகள் இதைப் பரவலாக்கின. இப்போது மேப்கள் வெப்ஜிஎல் முறைக்கு மாறியிருக்கின்றன. படத்தை வரையும் வேலை போனின் தலையில் விழுகிறது. அதனால் கேள்வி இன்னும் கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை.

பெயரைக் கேட்டு வாசலில் மறிப்பது மலையகத்துக்குப் புதிதா என்ன? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மலையில் உழைத்தவர்களிடம், என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. உன் அப்பா இங்கே பிறந்தாரா, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்தார்களா, அத்தாட்சி எங்கே என்று கேட்டது. காகிதம் இல்லாதவர்களுக்கு அங்கேயும் வெள்ளைத் திரைதான். நாடற்றவராக மிஞ்சியிருந்தவர்களுக்கான சட்டம் 2003இல்தான் வந்தது. இரண்டும் ஒரே எடையுள்ள விஷயங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் வாசலில் கேள்வி கேட்பவர், 'இல்லை' என்று வருகிறவருக்கு என்ன வழி என்று யோசிக்காத பழக்கம் ஒன்றுதான்.

2014 அக்டோபர் 29. பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தை, மீரியபெத்தையில் காலையிலேயே லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. தெரிந்த தகவல், வேண்டியவர்களைக் காப்பாற்றும் அளவுக்குப் போய்ச் சேரவில்லை. மேப் இருப்பது வேறு, மேப் வந்து சேர்வது வேறு.

அதனால் தளம் செய்யும் தோழர்களிடம் ஒன்று கேட்கிறோம். மேப்பைக் காட்டும் முன் பிரவுசரைச் சோதியுங்கள். பெயரைக் கேட்காமல் திறனைக் கேளுங்கள். முடியாத போனுக்கு ஒரு சாதாரணப் படத்தையாவது கொடுங்கள். அதுவும் கனமென்றால் தோட்டத்தின் பெயர், மேற்கணக்கா பணியக்கணக்கா, ஆபத்து எவ்வளவு, எங்கே போக வேண்டும் என்று நாலு வரி. தமிழிலும் சிங்களத்திலும். அதற்கு எந்தப் பிரவுசரும் போதும்.

அன்றைக்கு நண்பன் போனை வைத்துவிட்டு வெளியே போய், லயத்துக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டைப் பார்த்துவிட்டு வந்தான். "ஒண்ணும் தெரியல," என்றான். மேப்பும் அதையேதான் சொல்லியிருந்தது.