ஸ்பீனம்லாந்து ரொட்டிக் கணக்கும் பெரிய குடும்பங்களும்

ஸ்பீனம்லாந்து முறை என்பது, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் இங்கிலாந்துக் கிராமங்களில் விவசாயக் கூலிகளின் வருமானக் குறைவைப் பொதுப்பணத்திலிருந்து ஈடுகட்டிய ஏற்பாடாகும். ரொட்டியின் விலை ஒருபுறம், வீட்டில் உண்ணும் வாய்களின் எண்ணிக்கை மறுபுறம் என இரண்டையும் வைத்து உதவித்தொகை கணக்கிடப்பட்டது. பிள்ளைகள் அதிகமுள்ள ஏழைக் குடும்பத்தைத் தாங்குவது யார் பொறுப்பு என்ற வாதம் பிரிட்டனில் இன்றும் ஓயவில்லை. அதன் வேர்களுள் ஒன்று இங்கே இருக்கிறது.

1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டப்படி, ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைகளைத் தானே காக்க வேண்டும். பாரிஷ் என்பது ஒரு தேவாலயத்தைச் சுற்றியுள்ள ஊர் வட்டாரம். நிலமும் வீடும் உடையோரிடம் ஏழையர் வரி வசூலித்து, முதியோர், ஊனமுற்றோர், ஆதரவற்ற பிள்ளைகள் ஆகியோருக்கு உதவி செய்வார்கள். உடல் வலுவுள்ளவருக்கு வேலை தர வேண்டும் என்பதும் சட்டம். ஆனால் வேலையில் இருந்துகொண்டே பசித்திருப்பவர்களைப் பற்றி அந்தச் சட்டம் அதிகம் எண்ணிப் பார்க்கவில்லை.

1795இல் அந்தக் குறை வெளிப்பட்டது. பிரான்சுடன் போர் நடந்துகொண்டிருந்தது. விளைச்சலும் பொய்த்து, ரொட்டி விலை தாறுமாறாக ஏறியது. பெர்க்ஷயரில் பார்க்கம் என்ற சிற்றூரின் பாதிரியார் டேவிட் டேவிஸ், கூலிக் குடும்பங்களின் வரவு செலவைத் திரட்டி அதே ஆண்டில் நூலாக வெளியிட்டார். சோம்பலின்றி உழைக்கும் குடும்பத்துக்கும் கூலி போதவில்லை என்பதை அவருடைய கணக்குகள் காட்டின.

மே 6ஆம் நாள் பெர்க்ஷயர் மாஜிஸ்திரேட்டுகள் ஸ்பீனம்லாந்தில் பெலிக்கன் என்ற விடுதியில் கூடினர். குறைந்தபட்சக் கூலியைச் சட்டப்படி நிர்ணயிக்கலாமா என்பதே அவர்கள் முன் இருந்த கேள்வி. அது உசிதமல்ல என்று ஒதுக்கிவிட்டு, கூலியை உயர்த்தித் தாருங்கள் என்று பண்ணையார்களைக் கேட்டுக்கொண்டதோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு ரொட்டிக் கணக்கை வகுத்தார்கள்.

மாணவர்கள் இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஷில்லிங் என்பது 12 பென்ஸ். ஏறத்தாழ 4 கிலோ எடையுள்ள கேலன் ரொட்டி ஒரு ஷில்லிங் விற்றால், உழைப்பாளிக்கு வாரம் 3 ஷில்லிங் வேண்டும். மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தலா ஒன்றரை ஷில்லிங். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு 9 ஷில்லிங் தேவை, ஐந்து பிள்ளைகள் என்றால் 12. அவர்களின் சம்பாத்தியம் 9 ஷில்லிங் என்று வைத்துக்கொண்டால், முதல் வீட்டுக்குப் பாரிஷ் எதுவும் தர வேண்டாம். இரண்டாவது வீட்டுக்கு 3 ஷில்லிங் தர வேண்டும். ரொட்டி விலை ஒரு பென்னி ஏறினால் உழைப்பாளிக்கு 3 பென்ஸ், மற்றவர்களுக்குத் தலா ஒரு பென்னி கூடும்.

இது நாடாளுமன்றச் சட்டம் அல்ல. ஒரு மாவட்டத்தின் ஏற்பாடுதான். ஆயினும் இதையொத்த முறைகள் தென்பகுதியில் பல இடங்களில் பரவின. பல ஊர்களில் மூன்றாவது, நான்காவது பிள்ளையிலிருந்தே உதவி தொடங்கியது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். சாமுவேல் விட்பிரெட் கொண்டுவந்த குறைந்தபட்சக் கூலி மசோதாவைப் பிரதமர் பிட் 1796இல் எதிர்த்தார், மசோதா தோற்றது. பெரிய குடும்பத்துக்கு உதவி பெறுவது இழிவாக இல்லாமல் உரிமையாகவும் மதிப்பாகவும் இருக்க வேண்டும் என்று அதே பிட் அதே விவாதத்தில் பேசினார் என்பது வியப்புக்குரியது.

கூலியைத் தொடாமல் உதவியை மட்டும் கூட்டியதன் விளைவு விரைவில் தெரிந்தது. குறையைப் பாரிஷ் நிரப்பும் என்று தெரிந்தபின் பண்ணையார் ஏன் கூலியை உயர்த்துவார்? ஒரு கூலியாளைக்கூட வைத்துக்கொள்ளாத சிறு கடைக்காரரும் ஏழையர் வரி கட்டினார். அந்தப் பணத்தின் ஒரு பகுதி, சுற்றி வளைத்துப் பெரும்பண்ணைகளின் கூலிச் செலவுக்கே போனது. என் கருத்தில் உண்மையான மானியம் பெற்றவர் பண்ணையாரே. ஆனால் கணக்கேட்டில் கைநீட்டி வாங்கியவராகப் பதிவானது கூலிக் குடும்பம்தான். 1818 வாக்கில் ஏழையர் செலவு ஆண்டுக்கு ஏறக்குறைய 80 லட்சம் பவுண்டை எட்டியபோது, பழி முழுவதும் அந்தக் குடும்பத்தின் மேல் விழுந்தது.

அந்தப் பழிக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர் தாமஸ் மால்தஸ். உதவித்தொகை ஏழைகளை இளம்வயதில் மணம் முடிக்கவும் பிள்ளைகளைப் பெருக்கவும் தூண்டுகிறது என்றார். ஒரு சட்டம் இயற்றி, அதற்கு ஓராண்டுக்குப் பின் நடக்கும் திருமணங்களில் பிறக்கும் எந்தக் குழந்தைக்கும் பாரிஷ் உதவிக்கு உரிமையில்லை என்று அறிவிக்க வேண்டும் என 1803இல் வெளியான தம் நூலின் இரண்டாம் பதிப்பில் முன்மொழிந்தார். நமக்கும் இவரோடு ஒரு தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் வருங்கால அதிகாரிகள் பயின்ற கல்லூரியில் 1805 முதல் இறக்கும்வரை பேராசிரியராக இருந்தவர் இவர்தான்.

1832இல் அமைந்த அரச ஆணைக்குழு ஊர்களுக்கு வினாப்பட்டியல் அனுப்பியது. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பாரிஷ்களே பதிலளித்தன. நாசோ சீனியரும் எட்வின் சாட்விக்கும் முன்னின்று எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1834இல் புதிய ஏழையர் சட்டம் வந்தது. உடல் வலுவுள்ளவருக்கு வீட்டிலிருந்தபடி உதவி கிடையாது. வேண்டுமானால் ஒர்க்ஹவுஸ் எனப்பட்ட ஏழையர் விடுதிக்குள் வரட்டும் என்பது அதன் நோக்கம். உள்ளே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். நடைமுறையில் பல ஊர்கள் பழைய உதவியைச் சத்தமில்லாமல் தொடர்ந்தன. விடுதிகளைப் பற்றிய அச்சம் மட்டும் தலைமுறைகளுக்கு நீடித்தது.

மால்தஸ் சொன்னது சரியா? உதவித்தொகையால்தான் பிறப்பு பெருகியது என்றால், 1834க்குப் பின் அது சரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் பிறப்பு விகிதம் தொடர்ந்து குறையத் தொடங்கியது 1870களில்தான். மார்க் பிளாக் 1963இல் இந்தப் பழைய குற்றச்சாட்டுகளை மறுத்து எழுதினார். ஜேம்ஸ் ஹூசல் பாரிஷ் பதிவேடுகளைச் சோதித்து, உதவி தந்த ஊர்களில் பிறப்பு கூடியதாகத் தெரியவில்லை என்றார். ஜார்ஜ் போயர் 1990இல் இதற்கு மாறாக, பிள்ளைகளுக்கான உதவி பிறப்பைக் கூட்டியது என்று வாதிட்டார். ஆய்வாளர்களிடையே விவாதம் முடியவில்லை. ஆனால் முடிவு தெரிந்ததைப் போலவே சட்டம் இயற்றப்பட்டது.

20ஆம் நூற்றாண்டில் கேள்வியைத் திருப்பிப் போட்டவர் எலினார் ராத்போன். பிரம்மச்சாரிக்கும் ஆறு பிள்ளைகளின் தந்தைக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலிதான். வீட்டில் எத்தனை வாய் என்று சந்தை பார்க்காது. ஆகவே பிள்ளை வளர்ப்பின் செலவில் சமூகம் பங்கேற்க வேண்டும் என்று 1924இல் நூல் எழுதினார். 1945இல் குடும்பப் படிச் சட்டம் நிறைவேறியது. தொகையைத் தந்தையிடம் தருவதாக இருந்த ஏற்பாட்டை எதிர்த்துப் போராடித் தாயின் கைக்கு மாற்றினார். 1946 ஆகஸ்டில் முதல் தொகை வழங்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. இரண்டாவது பிள்ளையிலிருந்து ஒவ்வொருவருக்கும் வாரம் 5 ஷில்லிங். முதல் பிள்ளைக்கு எதுவுமில்லை. பெரிய குடும்பத்துக்கே உதவி அதிகம் தேவை என்பது அப்போதைய எண்ணம்.

2017இல் இது தலைகீழானது. அந்த ஆண்டு ஏப்ரல் 6 முதல் பிறக்கும் மூன்றாவது பிள்ளைக்கும் அதற்குப் பிறகு பிறப்பவர்களுக்கும், சில விலக்குகள் தவிர, வருமானம் சார்ந்த பிள்ளைத்தொகை கிடையாது என்றானது. ஒரு தேதியைக் குறித்து, அதற்குப் பின் பிறப்போருக்கு இல்லை என்று சொல்லும் முறையைப் படிப்பவர்களுக்கு 1803 நினைவுக்கு வரும். பிறப்பு எண்ணிக்கையில் இதனால் ஏற்பட்ட குறைவு மிகச் சிறியது என்று 2022இல் ஓர் ஆய்வு கண்டது. பாதிக்கப்பட்ட குடும்பங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஒருவராவது வேலையில் இருந்தார். 1795இல் டேவிஸ் கண்டதும் இத்தகைய வீடுகளைத்தான்.

2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில், இந்த இரு பிள்ளை வரம்பு 2026 ஏப்ரலில் நீக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஒரு குடும்பம் பெறக்கூடிய மொத்த உதவிக்கு 2013இல் விதிக்கப்பட்ட உச்சவரம்பு அந்த அறிவிப்பில் நீக்கப்படவில்லை.