பிள்ளைப்பேற்று வளையி: ஒரு கணக்கின் கதை

பெண்கள் எந்த வயதில் எவ்வளவு பிள்ளை பெறுகிறார்கள் என்பதைக் கீறிப் பார்த்தால் மலைபோல ஒரு வளையி வரும். பதின்ம வயதில் ஏறத் தொடங்கி, உச்சி தொட்டு, ஐம்பதுக்குள் இறங்கிவிடும். இந்த மலையைச் சமன்பாட்டுக்குள் அடக்கப் பார்த்தவர்களின் கதை, மேற்கில் குடும்பம் மாறிய கதையும்தான்.

1961இல் பிரெஞ்சு அறிஞர் லூயி ஆன்ரி 'இயற்கைக் கருவளம்' என்பதை வரையறுத்தார். இத்தனை பிள்ளை போதும் என்று எண்ணி நிறுத்தாத சமூகத்தின் கருவளம் அது. அதையே அடியாகக் கொண்டு 1974இல் பிரின்ஸ்டனில் ஆன்ஸ்லி கோலும் ஜேம்ஸ் ட்ரசலும் ஒரு மாதிரியை அமைத்தார்கள். கலியாணம் எந்த வயதில் தொடங்குகிறது, எவ்வளவு வேகமாகப் பரவுகிறது, பிள்ளை பெறுவதை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்துகிறார்கள் என்ற மூன்றும் தெரிந்தால் வளையியைக் கீறிவிடலாம். பிள்ளை பிறப்பது கலியாணத்துக்குள்தான் என்பது அதன் அத்திவாரம்.

அந்த அத்திவாரம் ஆடியது. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் மலையின் இடப்பக்கம், இளவயதில், ஒரு புடைப்புத் தெரிந்தது. 1999இல் சந்தோலா, கோல்மன், ஹயோர்ன்ஸ் மூவரும் 1940இல் வந்த ஹாட்விகர் சார்பு இரண்டைக் கலந்து அதைப் பொருத்திக் காட்டினார்கள். திருமணத்துக்கு வெளியே நிகழும் பிறப்புகளோடு அந்தப் புடைப்பு தொடர்புபட்டிருந்தது. ஒரே நாட்டுக்குள் இரண்டு வகைத் தாய்மார். ஒரே கோட்டில் இரண்டு மலை.

உச்சியும் வலப்பக்கம் நகர்ந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004 முதல் 30–34 வயதினரே அதிகம் பெற்றார்கள். 2015இல் நாற்பது கடந்தோரின் வீதம் இருபதுக்குக் குறைந்தோரின் வீதத்தைத் தாண்டியது.

இந்த நகர்வு கணக்கையே ஏமாற்றக்கூடியது. 1998இல் பொங்காட்ஸும் ஃபீனியும் அதைத்தான் சுட்டினார்கள். தாயாகும் சராசரி வயது ஆண்டுக்கு 0.1 வருடம் பின்தள்ளிப் போனால், ஒவ்வொருத்தியும் கடைசியில் பெறும் எண்ணிக்கை மாறாவிட்டாலும் அந்த ஆண்டுகளின் கருவள வீதம் பத்திலொரு பங்கு குறைந்து தெரியும். செக் குடியரசில் 1999இல் 1.13 ஆக இருந்த வீதம் 2021இல் 1.83 ஆனது. தள்ளிப்போட்டவர்களில் பலர் பிறகு பெற்றுக்கொண்டதும் அதற்கொரு காரணம். ஆனால் தள்ளிப்போட்டது எல்லாமே திரும்பி வருவதில்லை. அங்கும் வீதம் பிறகு மீண்டும் சரிந்தது.

ஆகவே, ஓர் இனம் அழிகிறது, இன்னோர் இனம் பெருகுகிறது என்று மேடையில் ஒற்றை எண்ணைத் தூக்கிக் காட்டுபவரிடம் முதலில் கேட்கவேண்டியது ஒன்றுதான்: எந்த வயதில்?