விதைக்கென விட்ட கிழங்கு

பீட்ரூட்டின் மூதாதை, மத்தியதரைக் கடலோரத்தில் தானே முளைத்த காட்டுச் செடியாகும். தொடக்கத்தில் மக்கள் விரும்பி உண்டது அதன் கீரையையே. கிழங்கு பருத்துத் திரண்டது, தலைமுறை தலைமுறையாய் உழவர் செய்த தேர்வினாலாகும்.

1747ஆம் ஆண்டில் செருமானிய வேதியியலார் மார்க்கிராப், கரும்பிலுள்ள சர்க்கரையே இவ்வினக் கிழங்கிலும் உண்டெனக் கண்டறிந்தார். 1802இல் சைலீசியாவில் அவர் மாணவர் ஆக்கார்டின் ஆலை இயங்கத் தொடங்கியது. ஆலைகள் சர்க்கரைக் கிழங்கை வளர்த்தன. கறிக்குரிய பழைய வகைகளையோ வீட்டுத் தோட்டங்களும் காத்தன. வெனிசுக்கருகிலுள்ள கியோச்சா ஊரின் பெயரால் வழங்கும் கிழங்கை அரிந்தால், வெள்ளையும் சிவப்புமாய் வளையங்கள் தோன்றும்.

இவற்றைக் காப்பது எளிதன்று. விதையெனத் தோன்றுவது பல விதைகள் ஒட்டிய கொத்து. ஆதலால் நெருங்கி எழும் நாற்றுகளைக் களைதல் வேண்டும். முதலாண்டில் கிழங்கு, குளிர்காலம் கழிந்த மறு ஆண்டிலேயே பூவும் விதையும். மகரந்தம் காற்றில் நெடுந்தொலைவு செல்வதால், அயல் வகை அருகில் பூப்பின் இனத்தூய்மை கெடும். எனவே குளிர்நாட்டுத் தோட்டக்காரர் சிறந்த கிழங்குகளை உண்ணாமல் ஒதுக்கி, மணலிற் புதைத்துக் காத்து, இளவேனிலில் மீண்டும் நட்டனர்.

நல்லதைத் தின்று தீயதை விதைக்கு விட்டிருப்பின், அவ்வகைகள் என்றோ அழிந்திருக்கும். ஒரு வேளை உணவைத் துறந்தோரே ஓர் இனத்தை வாழ்வித்தனர்.