இடிமேகத்திலிருந்து இறங்கும் காற்று: சிகாகோ வானிலையியல் துறையின் வரலாறு

ஐரோப்பாவில் போர் மூண்டிருந்த 1940ஆம் ஆண்டில், சிகாகோ பல்கலைக்கழகம் வானிலையியலுக்கெனத் தனி நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தது. அதன் தலைமைக்கு அழைக்கப்பட்டவர் கார்ல் குஸ்தாவ் ராஸ்பி. சுவீடன் நாட்டவரான இவர், நார்வேயின் பெர்கன் நகரில் வில்ஹெல்ம் பியர்க்னஸிடம் பயின்றவர். வானிலை கூறுதல் பெரிதும் அனுபவசாலிகளின் கைப்பழக்கமாகவே இருந்த காலம் அது. அதனை இயற்பியலின் மீது நிறுத்த வேண்டும் என்பதே பெர்கனில் அவர் கற்ற பாடம்.

1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியது. விமானப்படைக்கு வானிலை அலுவலர்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டனர். சிகாகோ உள்ளிட்ட ஐந்து கல்வி நிலையங்கள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பயிற்றுவித்து அனுப்பின. அவசர வகுப்பாயினும் வளிமண்டல இயக்கவியல் அதில் விடுபடவில்லை. இத்துறை போருக்குப் பின்னும் நிலைத்ததற்கு அதுவே காரணம் என்பது என் கருத்து.

அவ்வீரர்களுக்குப் பாடம் நடத்தியோரில் ஜோன் சிம்ப்சன் எனும் இளம்பெண்ணும் ஒருவர். போர் முடிந்ததும், பெண்ணுக்கு இத்துறையில் எதிர்காலமில்லை என்று அவரிடம் கூறப்பட்டது. அவரோ விடாது பயின்று, 1949இல் அமெரிக்காவில் வானிலையியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணியானார்.

ராஸ்பி சுவீடன் திரும்பியபின் துறையை நடத்திய ஹொரேஸ் பையர்ஸின் பெரும்பணி, 1946இல் ஃபுளோரிடாவிலும் மறு ஆண்டு ஒஹையோவிலும் நடந்த இடிமழை ஆய்வுத் திட்டமாகும். போர் விமானங்கள் ஐந்து வெவ்வேறு உயரங்களில் இடிமேகத்தை ஊடுருவிப் பறந்தன. மேகத்தினுள் மேலெழும் காற்று மட்டுமன்று, மழையோடு விரைந்து கீழிறங்கும் குளிர்காற்றும் உண்டு என்பதை அவை அளந்து காட்டின.

இதே முடிவுக்கு ஜப்பானில் ஒருவர் தனித்து வந்திருந்தார். டெட்சுயா ஃபுஜிட்டா கியூஷு தீவின் கொக்குரா நகருக்கு அருகில் கற்பித்து வந்தவர். 1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டுக்கு முதலில் குறிக்கப்பட்டிருந்த நகரம் அதுவே. மேகமும் புகையும் மறைத்தமையால் விமானம் நாகசாகிக்குத் திரும்பிற்று. பின்னர் அழிவைப் பார்வையிடச் சென்றவர்களுள் இவரும் இருந்தார். 1947இல் மலைமேல் நிலையமொன்றில் பதிவான காற்றழுத்த அளவுகளைக் கொண்டே கீழிறங்கு காற்றை உய்த்துணர்ந்த இவர், தம் கட்டுரையை ஆங்கிலத்தில் பெயர்த்துப் பையர்ஸுக்கு அனுப்பினார். பெருஞ்செலவில் கண்டதை எளிய கருவியால் கண்டவரை 1953இல் பையர்ஸ் சிகாகோவுக்கு வரவழைத்தார்.

அந்தப் பத்தாண்டில் சென்னையில் பிறந்த டி. என். கிருஷ்ணமூர்த்தியும் அங்குப் பயின்று 1959இல் முனைவரானார். பின்னர் மான்சூன் ஆய்வில் உலகப்புகழ் பெற்றார். (மான்சூன் என்பது அரபியின் ‘மவ்ஸிம்’ எனும் சொல்லின் திரிபு என்பதை அரபி பயின்றோர் அறிவர்.) 1961இல் வானிலையியல் துறை, நிலவியல் துறையுடன் இணைந்து புவி இயற்பியல் அறிவியல் துறையாயிற்று.

1975 ஜூன் 24 அன்று நியூயார்க்கில் தரையிறங்கவிருந்த பயணிகள் விமானம் இடிமழையில் வீழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காரணம் ஆராய அழைக்கப்பட்ட ஃபுஜிட்டா, முந்தைய ஆண்டில் சுழற்காற்றுச் சேதத்தில் தாம் கண்ட ஒரு காட்சியை நினைவுகூர்ந்தார். மரங்கள் ஒரு மையத்திலிருந்து நாற்புறமும் சாய்ந்து கிடந்தன. நாகசாகியிலும் அத்தகைய கோலத்தையே அவர் கண்டிருந்தார். குளிர்காற்றுத் தூண் ஒன்று தரையில் மோதிச் சிதறினால் அப்படித்தான் சாயும். அதனுள் நுழையும் விமானம் முதலில் எதிர்காற்றால் உயரும். நொடிகளில் பின்காற்றில் சிக்கி வேகமிழந்து தாழும். இதற்கு மைக்ரோபர்ஸ்ட் எனப் பெயரிட்டார்.

அறிஞர் பலர் ஏற்கவில்லை. கீழிறங்கும் காற்று தரையை அடையுமுன் வலுவிழக்கும் என்றனர். 1978இல் சிகாகோ அருகே டாப்ளர் ரேடார் கொண்டு ஃபுஜிட்டா அதனை மெய்ப்பித்தார். 1982இல் டென்வரில் மேலும் பல பதிவாயின. ஆயினும் 1985 ஆகஸ்ட் 2 அன்று டல்லாஸில் இன்னொரு விமானம் இக்காற்றில் வீழ்ந்தது. அதன்பின்னரே இதனை உணர்த்தும் கருவி விமானங்களில் கட்டாயமாக்கப்பட்டது. 1990களில் பெரிய விமான நிலையங்களில் தனி ரேடார்கள் நிறுவப்பட்டன. ஃபுஜிட்டா 1998இல் சிகாகோவிலேயே காலமானார்.