மூன்று கப்பல்களும் ஒரு தகரப் பெட்டியும்

எங்கள் கிளையில் முன்பு மானேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் ஜெயநகரில் இருக்கிறார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். பிள்ளைகள் செட்டில் ஆகிவிட்டார்கள், பி.எஃப். பணம் இருக்கிறது. நூறு நாளுக்கு மேல் உலகத்தைச் சுற்றி வரும் கப்பலில் மனைவியோடு போக டிக்கெட் போட்டுவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை காபிக்குக் கூப்பிட்டு, உட்கார்ந்ததும் கேட்டார்.

"ஏன்ரீ, நீங்க நாகப்பட்டினத்துக்காரர்தானே? கடல்ல இத்தனை நாள் போனா உடம்புக்கு என்ன ஆகும், எதெல்லாம் எடுத்துட்டுப் போகணும்? சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாகையில் பிறந்தவன் என்பது நிஜம். ஆனால் நான் ஏறிய பெரிய கப்பல், கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகுதான். பி.காம். முடித்து, வங்கித் தேர்வு எழுதி, கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேலே இந்த பெங்களூரில் இருபது வருஷமாக டெபிட், கிரெடிட் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"எனக்குத் தெரியாது சார். எங்க தாத்தாவுக்குத் தெரியும்" என்றேன். தாத்தா இப்போது இல்லை. ஆனால் அவர் எழுதி வைத்த பட்டியல் ஒன்று இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன், தமிழ்நாட்டுக் கரையிலிருந்து கிளம்பிய வேறு இரண்டு பயணங்களைப் பார்த்துவிடலாம்.

முதல் கப்பல், டுரூரோ. 1860 அக்டோபர் நடுவில் சென்னையிலிருந்து கிளம்பியது. 342 பேர். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். அப்போது சென்னையில் இன்று இருப்பது மாதிரியான துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். கயிற்றால் தைத்த மசூலா படகில் ஏறி, தலைக்கு மேல் எழும்பும் அலைகளைத் தாண்டித்தான் அதனிடம் போக வேண்டும். கடலையே பார்த்திராத உள்நாட்டு ஊர்க்காரருக்கு, பயணத்தின் முதல் அரை மணி நேரமே எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஐந்து வாரம் கழித்து, 1860 நவம்பர் 16-ம் தேதி டர்பன் போய்ச் சேர்ந்தார்கள். தென்னாப்பிரிக்க இந்தியர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கும் நாள் அது. பத்து நாள் கழித்து கல்கத்தாவிலிருந்து வந்த பெல்விடியர் என்ற அடுத்த கப்பலில், வழியிலேயே காலரா வந்து பலர் இறந்துபோனார்கள். 1860-லிருந்து 1911 வரை நேட்டாலுக்கு இப்படிப் போனவர்கள் மொத்தம் 1,52,184 பேர். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னையிலிருந்து ஏறியவர்கள்.

இந்த எண்ணிக்கை கடைசி ஆள் வரைக்கும் எப்படித் தெரியும்? கப்பலுக்குக் கப்பல் லிஸ்ட் இருக்கிறது. வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் அதில் உண்டு. லெட்ஜர் பார்த்தே வயதான எனக்கு அந்த மாதிரிப் பக்கத்தைப் பார்த்தால் ஒன்று உறைக்கும். அது பயணிகள் பட்டியல் இல்லை, சரக்குப் பட்டியல். அவர்களிடம் 'என்ன எதிர்பார்க்கிறீர்கள்?' என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங். சொன்னது இவ்வளவுதான்.

இரண்டாவது கப்பல், நெவாசா. 1914 மார்ச் 17-ம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. அதில் ஒரு பயணி, சென்னை துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாக மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்த்தவர். பெயர் சீனிவாச ராமானுஜன். ஆமாம், கணிதமேதை ராமானுஜனேதான். கப்பல்கள் வந்து போகும் ஆபீஸில் கணக்கு எழுதியவருக்கு இதுதான் முதல் நெடுங்கடல் பயணம்.

அவருடைய தயாரிப்புகள் என்னென்ன? குடுமியை எடுத்தார். கோட்டும் சூட்டும் போட்டுப் பழகினார். கத்தி, முள்கரண்டியால் சாப்பிடக் கற்றுக்கொண்டார். இந்தக் கோலத்தைப் பார்க்க வேண்டாம் என்று அம்மாவையும் மனைவியையும் சில நாள் முன்பே கும்பகோணத்துக்கு ரயிலேற்றிவிட்டார். கடல் தாண்டினால் ஆசாரம் போய்விடும் என்று நம்பிய வீடு அது. நாமகிரித் தாயார் அம்மாவின் கனவில் வந்து அனுமதி கொடுத்ததாகச் சொல்வார்கள்.

கப்பலில் முதல் சில நாள் மயக்கமும் வாந்தியும் அவரையும் விடவில்லை. பிறகு சரியாகிவிட்டது. கொழும்பு, ஏடன், சூயஸ், ஜெனோவா, பிளிமத் வழியாக ஏப்ரல் 14-ம் தேதி லண்டன். நம் சித்திரை பிறக்கும் சமயம்! சாப்பாட்டுப் பிரச்சினை கரை இறங்கியும் தீரவில்லை. கேம்பிரிட்ஜில் தானே சமைத்தார். புளியும் தேங்காய் எண்ணெயும் சென்னையிலிருந்து வரவழைத்துக்கொண்டார். 1919-ல் உடம்பு கெட்டுத் திரும்பி வந்து, 1920 ஏப்ரல் 26-ம் தேதி சென்னையில் காலமானார். கடல் கடந்து போனவர் என்பதால் உறவினர் பலர் இறுதிச் சடங்குக்குக்கூட வரவில்லை. 28 நாள் கப்பல் பயணத்துக்கு அவர் கொடுத்த விலையில் இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

மூன்றாவது கப்பல், எங்கள் குடும்பத்துக் கப்பல். ரஜூலா.

தஞ்சாவூர் ஜில்லாவில் பழைய ஆட்கள் யாரிடமாவது இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். நெவாசாவுக்குச் சொந்தமான அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக, அதே கிளாஸ்கோ பட்டறையில் 1926-ல் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் என்று போய் வரும். நடுவில் இரண்டாம் உலகப் போரில் படைகளைச் சுமந்தது. மறுபடி நம் ஆட்களைச் சுமக்க வந்துவிட்டது.

சுமார் 8,500 டன் கப்பல். கட்டிய புதிதில் 5,000-க்கு மேல் டெக் பயணிகளை ஏற்ற அனுமதி! கொஞ்சம் கணக்குப் போடுவோம். கப்பலுக்கு டன் என்று சொல்வது எடை அல்ல, உள்ளே இருக்கும் இடத்தின் அளவு. 2024-ல் ஓட ஆரம்பித்த 'ஐகான் ஆஃப் தி சீஸ்' உல்லாசக் கப்பல் ஏறத்தாழ 2,50,000 டன். அதிகபட்சம் 7,600 பயணிகள். தலைக்கு 33 டன். ரஜூலா நிரம்பியிருந்தால் தலைக்கு 1.7 டன். நம் மானேஜர் தம்பதி மாதிரி ஒருவருக்குக் கிடைக்கும் இடத்தில் அன்றைக்கு கிட்டத்தட்ட இருபது பேர் படுத்திருப்பார்கள். கடல் ஒன்றுதான், டிக்கெட்தான் வேறு வேறு.

தாத்தா போனது 1951-ல். அந்தக் கூட்டமெல்லாம் அப்போது குறைந்திருந்தது. தோட்டக் கூலிகளை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938-லேயே நிறுத்திவிட்டது. கடைக்காரர்கள், கணக்கப்பிள்ளைகள், ஊருக்கு வந்து திரும்புகிறவர்கள்தான் அதிகம். தாத்தாவும் பினாங்கில் ஒரு மளிகைக் கடைக்குக் கணக்கு எழுதத்தான் போனார். (கணக்கு எங்கள் வம்சத்தில் அப்போதே ஒட்டிக்கொண்டுவிட்டது.)

நாகையில் கப்பல் கரைக்கு வராது. தோணியில் போய் ஏற வேண்டும். அப்பாயி கைக்குழந்தையான என் அப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, தோணி புள்ளியாகிற வரைக்கும் நின்றதாகச் சொல்லியிருக்கிறார். கப்பலில் ஏறியதும் செய்ய வேண்டிய முதல் வேலை இடம் பிடிப்பது. பாயை விரித்த இடம்தான் வீடு. தலைமாட்டில் தகரப் பெட்டி, அதுதான் சுவர்.

வாந்திக்கு தாத்தா சொன்ன வைத்தியம்: "கப்பலுக்கு நடுவுல இடம் பிடி, தூரத்துல வானமும் கடலும் சேருற கோட்டைப் பாரு, வயித்தைக் காலியா வைக்காதே." இதைத்தான் இன்றைய டாக்டர்களும் சொல்கிறார்கள். உள்காது ஆட்டத்தை உணர்கிறது, அறைக்குள் இருக்கும் கண்ணோ எதுவும் ஆடவில்லை என்கிறது. இந்தச் சண்டைதான் மயக்கம். தொடுவானத்தைப் பார்த்தால் இரண்டும் சமாதானமாகிவிடும். கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டமும் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் பழகிவிடும்.

இனி அந்தப் பட்டியல். தாத்தாவின் கணக்கு நோட்டின் முதல் பக்கம். பயணத்துக்கு வாங்கியதையெல்லாம் எழுதி டிக் போட்டிருக்கிறார்:

கோரைப் பாய் 1, போர்வை 1, கூஜா 1, அவல், வெல்லம், சுக்கு, எலுமிச்சை ஊறுகாய், நார்த்தங்காய், அம்மை குத்திய சர்டிபிகேட், போட்டோ 2, கார்டு 12.

இந்த 'கார்டு 12' வெகு நாள் எனக்குப் புரியவில்லை. 1989-ல் தாத்தா தவறிய பிறகு அந்தத் தகரப் பெட்டியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. தபாலாபீஸில் விற்கும், ஸ்டாம்பு அச்சடித்த சாதாரண இந்திய போஸ்ட் கார்டுகள். பன்னிரண்டிலும் எங்கள் வீட்டு விலாசம் தாத்தாவின் முத்து முத்தான கையெழுத்தில். மறுபக்கம் வெறுமை. மாதம் ஒன்று என்று ஒரு வருஷத்துக்குக் கணக்குப் போட்டு, விலாசத்தை இங்கேயே எழுதி எடுத்துப் போயிருக்கிறார். இந்தியக் கார்டு பினாங்கில் செல்லாது என்று அங்கே இறங்கிய பிறகுதான் தெரிந்திருக்கிறது. நாளாக நாளாகத் தட்டுத் தடுமாறி ஏர்மெயில் கடுதாசிகள் வந்தன. ஆனால் அந்த முதல் மூன்று மாதம் ஒரு வரியும் வரவில்லை. ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் அப்பாயி இருந்தார்களாம்.

ஒரு வருஷம் என்று போனவர் 1966-ல்தான் திரும்பினார். அப்பாவுக்கு அப்போது பதினாறு வயது. ஸ்டேஷனுக்குக் கூப்பிடப் போய், எது தன் தகப்பன் என்று தெரியாமல் நின்றதாக அப்பா ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

ரஜூலாவை 1973-ல் ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி, 'ரங்கத்' என்று பெயர் மாற்றி, அடுத்த வருஷமே உடைத்துவிட்டார்கள். அந்தத் தடத்தில் 1972-லிருந்து ஓடிய எம்.வி. சிதம்பரம், 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. பலர் இறந்தார்கள். அதோடு நாகைக்கும் மலேயா சீமைக்குமான கப்பல் தொடர்பு முடிந்தது.

மானேஜர் சாரிடம் இதில் பாதியைத்தான் சொன்னேன். சந்தோஷமாகக் கிளம்புகிற மனுஷனிடம் காலராவைப் பற்றி எதற்கு? அவர் மனைவி சுக்கையும் ஊறுகாயையும் குறித்துக்கொண்டார். கிளம்பும்போது வாசலில் அவர் மறுபடி கேட்டார், "கடைசியா ஒண்ணு சொல்லுங்க, முக்கியமா எதைப் பார்த்துக்கணும்?"

"இங்கே வாங்குற சிம் கார்டு நடுக்கடல்ல வேலை செய்யுமான்னு கேட்டுக்குங்க சார். பசங்க காத்துட்டிருப்பாங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் நாகைக்கு போன் போட்டு அப்பாவிடம் பேசினேன். அந்தக் கார்டுகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று கேட்டேன். "இருக்கு, பன்னிரண்டும் இருக்கு" என்றார். எண்ணிப் பார்க்காமலே சொன்னார்.