கைக்குப் பிறகுதான் வசனம்: பாலர் வகுப்பின் பழைய கதை

பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி இப்போது தன் திருச்சபையில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்துகிறாள். போன மாதம் ‘கடவுள் தந்த உடல்’ என்று பாடமாம். உள்ளங்கையில் சாயம் தடவித் தாளில் பதிக்கச் சொல்லியிருக்கிறாள். கண்ணைக் கட்டிவிட்டுப் பஞ்சு எது, உப்புத்தாள் எது என்று தடவிச் சொல்லவைத்திருக்கிறாள். டப்பாவைக் குலுக்கி உள்ளே இருப்பது பயறா, மணலா என்று காதால் கண்டுபிடிக்கும் விளையாட்டும் உண்டு. பெற்றோர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. “வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை, சட்டையெல்லாம் சாயத்தோடு வருகிறான்” என்று குறைப்பட்டார்களாம். “சார், இதெல்லாம் நேற்று வந்த ஃபேஷன்தானா?” என்று கேட்டாள். வரலாற்று வாத்தியாரிடம் கேள்வி கேட்டால் ஒரு வரியில் பதில் வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

நேற்று வந்தது இல்லை அம்மா. ஏறக்குறைய நானூறு வருஷக் கதை.

1592-இல் மொராவியாவில், அதாவது இன்றைய செக் நாட்டில், பிறந்தவர் கொமேனியஸ். ‘சகோதரர் சபை’ என்ற சிறிய கிறிஸ்தவ சபையின் குருவாக இருந்து, பின்னாளில் அதன் ஆயரானவர். மதப் போர்களில் நாட்டைவிட்டு ஓடியவர். முதல் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தவர். அப்படிப்பட்டவர் 1630-களில், ஆறு வயதுவரை தாய் மடியே பள்ளிக்கூடம் என்று தாய்மாருக்காக ஒரு நூல் எழுதினார். நாலைந்து வயதுப் பிள்ளை கோடு கிழித்து விளையாட வசதியுள்ள வீட்டில் சாக்குக்கட்டி கொடுங்கள், இல்லாத வீட்டில் கரித்துண்டு போதும் என்ற அளவுக்கு அதில் யோசனை சொல்கிறார். ஏழை வீட்டை மறக்காத அந்தக் கரித்துண்டுக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

1658-இல் நியூரம்பெர்க் நகரில் அவருடைய ‘ஓர்பிஸ் பிக்டுஸ்’ வெளிவந்தது. குழந்தைகளுக்கான படப் பாடநூல்களின் முன்னோடி அது. எழுத்துகளே காக்கை கத்துவது, ஆட்டுக்குட்டி கத்துவது என்று காதுக்குக் கேட்கும் ஒலிகளோடுதான் தொடங்குகின்றன. உடலின் வெளி உறுப்புகள், தலையும் கையும், எலும்பும் நரம்பும், ஐம்புலன்கள் என்று ஒவ்வொன்றுக்கும் படம் உண்டு. அதற்கடுத்து ஆன்மாவுக்கும் ஒரு பாடம்! கண்ணுக்குத் தெரியாத ஆன்மாவை எப்படி வரைவது? புள்ளிகளால் ஆன மனித உருவமாக வரைந்துவிட்டார்கள். புலன்வழி வராதது அறிவில் நிற்காது என்பது அவர் கட்சி. அதை ஆன்மாவுக்கும் விட்டுக்கொடுக்கவில்லை மனிதர்.

ஆனால் புத்தகம் வேறு, மூன்று வயதுப் பிள்ளைகள் கூட்டமாக ஓர் அறையில் உட்காருவது வேறு. அது நடந்த இடம் பிரான்சின் அல்சாஸ் பகுதியில், வோஜ் மலையில் இருக்கும் ஏழைக் கிராமங்கள். வால்டர்ஸ்பாக் என்ற ஊருக்கு 1767-இல் ஓபர்லின் என்ற இளம் போதகர் வந்தார். பக்கத்து பெல்மோன் கிராமத்தில் சாரா பான்ஸே என்ற பெண், தன் வீட்டிலேயே சிறுபிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பின்னல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஓபர்லின் 1769-இல் அவளையே சம்பளத்துக்கு அமர்த்தினார். இப்படி ஒவ்வொரு கிராமத்திலும் ஓர் அறை உருவாயிற்று. பெயர் ‘பின்னல் அறை’. குளிர்காலத்தில் கணப்பு மூட்டிய சூடான அறையைக் குறிக்கும் சொல்லோடு பின்னலைச் சேர்த்து வைத்த பெயர்.

பெற்றோர் வயலுக்குப் போய்விடுவார்கள். இங்கே சின்னதுகள் விளையாடும். கொஞ்சம் பெரியதுகள் ஊசி பிடித்துப் பின்னும். சுவருக்கு ஜோடிக்க அல்ல, காலுறை போன்ற உபயோகமான பொருள்தான். கை வேலை செய்யும்போதே வேதாகமக் கதைப் படங்களையும், விலங்கு, செடி கொடிப் படங்களையும் காட்டிப் பேசுவார்கள். பாட்டும் உண்டு. வெயில் அடித்தால் வெளியே நடை. செடிகளைப் பார்த்து, தொட்டு, பெயர் கற்றுக்கொள்வது. வீட்டில் வட்டாரப் பேச்சு பேசிய பிள்ளைகள் பிரெஞ்சு பேசக் கற்றதும் இப்படித்தான்.

சாரா முப்பது வயது நிறையும் முன்பே 1774-இல் இறந்துபோனாள். பிறகு அந்த வேலையின் தூணாக இருந்தவள் பெல்ஃபோஸ் கிராமத்து லூயிஸ் ஷெப்லர். பதினைந்து வயதில் ஓபர்லின் வீட்டுக்கு வேலைக்கு வந்தவள். 1783-இல் அவர் மனைவி இறந்ததும் தாயில்லாப் பிள்ளைகளையும் வளர்த்தாள், மலைப்பாதையில் ஏறி இறங்கிக் கிராமத்துப் பிள்ளைகளையும் பார்த்தாள். பின்னாளில், என்னை வேலைக்காரியாக அல்ல, உங்கள் மகளாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிச் சம்பளமே வேண்டாம் என்றுவிட்டாள். 1829-இல், ஓபர்லின் இறந்து மூன்று வருஷம் கழித்து, பிரெஞ்சு அகாதமி அவளுக்கு 5000 ஃபிராங்க் நற்பண்புப் பரிசு கொடுத்தது. நல்லது. ஆனால் அமெரிக்காவில் 1833-இல் கல்லூரிக்கும் ஊருக்கும் வைத்த பெயர் ஓபர்லின். சாராவை யார் நினைக்கிறார்கள்? கல்வி வரலாற்றில் ஆண்கள் புத்தகம் எழுதியிருக்கிறார்கள், பெண்கள் மூக்கு துடைத்துவிட்டிருக்கிறார்கள். இரண்டும் வேண்டும். முதலில் நடந்தது இரண்டாவது.

இங்கிலாந்தில் 1820-களில் வில்டர்ஸ்பின் என்பவர் பாலர் பள்ளிகளை ஊர் ஊராகப் பரப்பினார். பொருள்களைக் காட்டியும் ஆடிப்பாடியும் கற்பிப்பதுதான் அவர் நோக்கம். ஆனால் படிக்கட்டு மேடையில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து ஒன்றாகச் சொல்லவைப்பதும் அவர் ஏற்பாடுதான். பல இடங்களில் அந்த ஒப்பித்தல்தான் மிஞ்சியது. ஒப்பிப்பது வெளியாருக்குக் காட்ட வசதி. கை கற்றது கண்ணுக்குத் தெரியாது. அன்றைக்கும் பெற்றோர் மெச்சியது இதைத்தான் போலும்.

ஜெர்மனியில் ஃப்ரோபெல். இவர் ஒரு போதகரின் மகன். 1840-இல் ‘கிண்டர்கார்டன்’ என்று பெயர் சூட்டியவர். இன்று நீங்கள் பள்ளியில் பார்க்கும் காகித மடிப்பு, தாள் பின்னல், களிமண் உருவம் எல்லாம் அவர் வகுத்துவைத்த ‘கைவேலை’ வரிசையில் இருப்பவை. கடவுள், இயற்கை, குழந்தை மூன்றும் ஒன்றோடொன்று இசைந்தவை என்று உருகி உருகி எழுதியவர். அவர் பள்ளிகளைப் பிரஷ்ய அரசு 1851-இல் எதற்காகத் தடை செய்தது தெரியுமா? நாத்திகம் பரப்புகின்றன என்று! தடை நீங்கியது 1860-இல். மனிதர் 1852-லேயே கண்ணை மூடிவிட்டார்.

என் மாணவி பயன்படுத்திய உப்புத்தாளுக்கும் குலுக்கும் டப்பாவுக்கும் நேர் முன்னோர் மரியா மாண்டிசோரியின் பள்ளியில் இருக்கின்றன. 1907-இல் ரோமில் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் தொடங்கியது அது. கத்தோலிக்கரான அவர் தம் முறையை வழிபாட்டுக்கும் கொண்டுபோனார். பார்சிலோனாவில் அவர் முறையில் நடந்த பள்ளியில் பிள்ளைகள் கோதுமையும் திராட்சையும் பயிரிட்டார்கள். நற்கருணை அப்பமும் ரசமும் எதிலிருந்து வருகின்றன என்பதை மண்ணைத் தொட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1954-இல் சோஃபியா கவல்லெத்தியும் ஜன்னா கோப்பியும் அதே வழியில் ரோமில் சிறுவருக்கான மறைக்கல்வியைத் தொடங்கினார்கள். அது இன்றும் பல நாடுகளில் நடக்கிறது.

மாண்டிசோரி நம் ஊருக்கும் வந்தார். 1939-இல் அடையாறு பிரம்மஞான சபையில் பயிற்சி வகுப்பு நடத்த வந்தவர், போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது. நடுவில் கொடைக்கானலிலும் சில காலம் தங்கினார். அந்த முதல் வகுப்பில் படித்தவர்கள் முந்நூறு பேர் அளவில். உங்கள் வீட்டுப் பாட்டி, பெரியம்மா யாராவது அதில் இருந்ததாகக் கேள்விப்பட்டிருந்தால் கீழே எழுதுங்கள். பழைய நோட்டு, புகைப்படம் எது கிடைத்தாலும் சரி, எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.