அடுப்பு எழுந்து நின்ற வரலாறு: சித்தூர், திருப்பதி வீடுகளின் சமையலறை

சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் கட்டட வரலாறு என்றதும் சந்திரகிரி ராஜமகாலே முதலில் சுட்டப்படும். மரத்தைத் தவிர்த்து, கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து ஆகியவற்றால் எழுப்பப்பட்ட அம்மாளிகை இன்று தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாகப் பாதுகாக்கப்படுகிறது. ஆனால் கடந்த அரை நூற்றாண்டில் இவ்வட்டார மக்களின் வீட்டு வாழ்வு ஆழமாக மாறிய இடம் சமையலறை. அம்மாற்றத்திற்கு அருங்காட்சியகம் இல்லை; பெரிதும் சொற்களே சான்றாக எஞ்சியுள்ளன.

1911இல் உருவாகி, 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரியும்வரை ஒன்றாயிருந்த பழைய சித்தூர் மாவட்டம், தமிழும் தெலுங்கும் நெருங்கிப் பழகிய நிலம். காய் அரியும் கருவியைத் தமிழர் அரிவாள்மனை என்றனர். தெலுங்கர் கத்திபீட்ட என்றனர். மனை, பீட்ட ஆகிய இரண்டும் அமரும் பலகையைக் குறிப்பவை. சொற்கள் வேறாயினும் பெயரிட்ட பார்வை ஒன்றே: வெட்டும் அலகோடு, தரையில் அமர்ந்து அதை இயக்கும் உடலையும் அப்பெயர்கள் சேர்த்தே குறித்தன. அடுப்பு, அம்மி, ஆட்டுக்கல் அனைத்தும் தரையில் இருந்தன. சமையல் என்பது அமர்ந்து செய்யும் தொழில்.

அதை எழுந்து நிற்கச் செய்தது அழகுணர்ச்சியன்று, எரிபொருள். இந்தியன் ஆயில் நிறுவனம் தன் முதல் இண்டேன் இணைப்பை 1965இல் கொல்கத்தாவில் வழங்கியது. எரிவாயு அடுப்பு சிலிண்டரைவிட உயரமான மேடையில் இருக்கவேண்டும் என்பது அடிப்படைப் பாதுகாப்பு விதி. எனவே எரிவாயு நுழைந்த வீட்டில் மேடையும் நுழைந்தது. ஆந்திர அரசு 1999இல் தொடங்கிய தீபம் திட்டம், ஏழைப் பெண்களுக்கு எரிவாயு இணைப்பு வழங்கி, நகர நடுத்தர வர்க்கத்தின் இம்மாற்றத்தைச் சிற்றூர்களுக்கும் கொண்டுசென்றது.

மேடைக்குரிய கல் அருகிலேயே கிடைத்தது. அடுத்த மாவட்டமான கடப்பையின் கருஞ்சுண்ணாம்புக் கல் பலகைபலகையாகப் பிளக்கக்கூடியது, விலையும் குறைவு. அலமாரித் தட்டு, பரண், அடுப்பு மேடை எனத் தென்னிந்திய வீடுகள் பலவற்றில் ‘கடப்பா கல்’ இடம்பிடித்தது. பின்னர் அதன் இடத்தைக் கிரானைட் பெற்றது. அதுவும் சித்தூர் மாவட்டத்துக் குப்பம் பகுதியில் வெட்டியெடுக்கப்படும் கல்லே.

இங்கு மொழியின் செயல் கவனிக்கத்தக்கது. தமிழ் ‘அடுப்பங்கரை’ என்ற சொல்லில் உள்ளது நீர்நிலைக்குரிய கரை. புதிய மேடைக்குத் தெலுங்கர் வழங்கிய ‘கட்டு’ (ககரத்தை ஒலிப்புடன் படிக்க) என்பதும் கரை, வரம்பு என்னும் பொருளுடையதே. புதுப்பொருள் வந்தபோது மக்கள் பழஞ்சொல்லை நீட்டிக்கொண்டனர். அடுத்த கட்டத்தில் அந்நீட்சி நின்றுவிட்டது. பிளைவுட் பெட்டிகளும் லேமினேட் கதவுகளும் வந்தபோது இரு மொழியினரும் ‘மாடுலர் கிச்சன்’ என்றே ஏற்றுக்கொண்டனர்.

இவ்வமைப்பின் முன்னோடியாகக் கருதப்படுவது, மார்கரெட்டே ஷூட்டே-லிஹாட்ஸ்கி 1926இல் வடிவமைத்த பிராங்பர்ட் சமையலறை. ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட அச்சிற்றறையில், பெண் அமர்ந்து வேலை செய்வதற்கென ஒரு சுழல் முக்காலியும் இடம்பெற்றிருந்தது. நம்மிடம் வந்து சேர்ந்தது பெட்டிகளின் ஒழுங்கு மட்டுமே, முக்காலி வரவில்லை. மனையையும் பீட்டவையும் இழந்த சமையலறையில் இன்று இருக்கை என்பதே இல்லை. ஒளி விளக்குகளுக்கும் வண்ணப் பலகைகளுக்கும் தாராளமாகச் செலவிடும் சீரமைப்புத் திட்டங்களில், சமைப்பவர் எங்கே அமர்வார் என்ற வினா அரிதாகவே எழுகிறது.

இதனால் பழைய சமையலறை சிறந்தது என்றாகாது. விறகுப் புகை கண்ணையும் நுரையீரலையும் கெடுத்தது. குனிந்தும் நிமிர்ந்தும் செய்த வேலை முதுகை ஒடித்தது. எரிவாயு அடுப்பு பெண்களுக்குக் கிடைத்த மெய்யான விடுதலைகளுள் ஒன்று. ஆயினும் புகையோடு இருக்கையையும் சேர்த்து அகற்றவேண்டிய தேவை எதுவும் இருக்கவில்லை.

வட்டார வழக்குச் சொற்களைத் திரட்டும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் சொற்பட்டியல்கள் பெரும்பாலும் பொருளையும் பெயரையும் மட்டுமே பதிகின்றன. ‘இதற்கு என்ன பெயர்?’ என்பதோடு ‘இதை எப்படி அமர்ந்து பயன்படுத்தினீர்கள், எப்போது நின்று செய்யத் தொடங்கினீர்கள்?’ என்றும் கேளுங்கள். இரு முறையிலும் சமைத்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. குப்பத்திலும் புத்தூரிலும் நகரியிலும் அவர்களுடைய விடைகளைத் தமிழிலும் தெலுங்கிலும் ஒருசேரப் பதிவு செய்தால், ராஜமகாலுக்கு இருப்பதுபோல் அடுப்பங்கரைக்கும் ஒரு வரலாறு இருக்கும்.